நடத்தையைப் படித்த நாட்கள்
(கல்வி உதவி பெறும் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமாக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளை நல்வழிப்படுத்துவது எப்படி" என்று ஒரு மணி நேரம் பேச வேண்டுமென்று செயலாளர் ஐயா என்னைக் கேட்டுக்கொண்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ள பாட்டிமார்கள் இந்த மண்டபத்திலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே நான் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன். அந்தப் படிப்பின் பெயர் நடத்தை மாற்றம். அதன் முறையான பெரிய பெயர் பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு. இப்போது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதை ஏ.பி.ஏ. என்ற மூன்றெழுத்தில் அறிந்திருக்கிறார்கள்.

நான் 1985-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றேன். என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மீதி இரண்டு ஆண்டுகளை அங்கே முடிக்கலாம் என்ற ஏற்பாடு அப்போது பரவலாக இருந்தது. அம்மாவின் சங்கிலியும் வளையல்களும் விமானச் சீட்டாக மாறின. ஆசிரியையாகத் திரும்பி வருவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். முதல் பருவத்தில் விருப்பப் பாடமாக ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த நேரத்தில் இடம் காலியாக இருந்த வகுப்பு இதுதான். ஆராய்ந்து தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வெள்ளெலிக்குக் கம்பியை அழுத்தக் கற்றுக்கொடுத்ததைப் பெருமையாக எழுதியிருந்தேன். அப்பாவின் பதில் நீல நிற ஏரோகிராமில் வந்தது. "எலி பழக்கத்தானா அமெரிக்கா போனாய்? அதற்கு நம் தோட்டத்து ஸ்டோரே போதுமே" என்று கேட்டிருந்தார். அவருக்கு அன்று நான் சரியான பதில் எழுதவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: நடத்தை என்றால் என்ன? ஒரு மாணவர் "சோம்பேறித்தனம்" என்றார். இன்னொருவர் "அடக்கம்" என்றார். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. அவை நாம் ஒட்டும் பெயர்ச் சீட்டுகள், கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது எதுவோ அதைச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஓக்டன் லின்ட்ஸ்லி என்ற அறிஞர் வகுத்த ஒரு சோதனையைச் சொன்னார். அதன் பெயரே சற்று திடுக்கிட வைக்கும். அது செத்த மனிதன் சோதனை. ஒரு செயலைச் செத்த மனிதனாலும் செய்ய முடியுமானால், அது நடத்தை ஆகாது என்பது அதன் விதி.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளிடம் நாம் அதிகமாகச் சொல்வது என்ன? "சும்மா இரு", "பேசாதே", "ஓடாதே", "அசையாமல் உட்கார்." இவை அத்தனையையும் செத்தவன் நம்மைவிட நன்றாகச் செய்வான். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் "நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்கியவள். எதற்காக வாங்கினேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை என்ன செய்யக் கூடாது என்பதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த வகுப்பின் முதல் பாடம். இது கேட்பதற்கு எளிது. வீட்டுக்குப் போய் ஒரு நாள் முயன்று பாருங்கள், எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

இந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வருமுன்னரே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்த கதை உங்கள் பிள்ளைகளின் பாட நூலிலேயே இருக்கும். அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து, அவை தப்பிக்கக் கற்றுக்கொள்ளும் நேரத்தை அளந்து 1898-இல் வெளியிட்டார். ஜான் வாட்சன் 1913-இல் உளவியல் என்பது நடத்தையைப் பற்றிய அறிவியலாக இருக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். அதே வாட்சன் 1920-இல் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டால் பயம் வருமாறு பழக்கிக் காட்டி, அந்தப் பயத்தை நீக்காமலே விட்டுவிட்டார். அதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் பலருக்கும் கோபம் வந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி 1924-இல் முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனின் பயத்தைப் போக்கிக் காட்டினார். அவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக நெருங்கக் கொண்டுவந்தார். வாட்சனைத் தெரிந்த அளவுக்கு இந்த அம்மையாரை உலகத்துக்குத் தெரியாது.

இவர்களுக்கெல்லாம் பின் வந்தவர் பி. எஃப். ஸ்கின்னர். 1938-இல் அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. ஒரு செயலுக்குப் பின் என்ன நடக்கிறதோ, அதுவே அந்தச் செயல் மீண்டும் நிகழுமா நிகழாதா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை எலிகளையும் புறாக்களையும் கொண்டு அவர் நுணுக்கமாக அளந்தார். 1953-இல் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணிதப் பாடத்தைப் பார்க்கப் போனாராம். கணக்குப் போட்ட பிள்ளை தன் விடை சரியா தவறா என்று தெரிந்துகொள்ள மறுநாள் வரை காத்திருப்பதையும், விரைவாக முடித்தவனும் திணறுகிறவனும் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லப்படுவதையும் பார்த்துவிட்டு, அதற்கென ஒரு கற்பிக்கும் கருவியைச் செய்யத் தொடங்கினார். 1990 ஆகஸ்டில், தம் 86-ஆம் வயதில், இறப்பதற்கு எட்டு நாள் முன்பு வரை மேடையேறிப் பேசியவர் அவர். அவர் கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்பவள் அல்லள். மனத்தின் பேச்சுக்கு அவர் கொடுத்த இடம் மிகக் குறைவு என்பது என் எண்ணம். ஆனால் தண்டனையை நம்பி ஒரு பள்ளியையோ வீட்டையோ நடத்தக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் அவர்தான். அவர் பெயரைச் சொல்லித் தண்டித்தவர்கள் பின்னால் வந்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் எலிக்கு வருவோம். தாகமாக இருக்கும் எலி. பெட்டிக்குள் ஒரு கம்பி. கம்பியை அழுத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர். எலிக்கு அது தெரியாது. அது கம்பி இருக்கும் பக்கம் திரும்பினாலே முதலில் ஒரு சொட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு திரும்பினால் போதாது, நெருங்கினால்தான். பிறகு மூக்கால் தொட்டால்தான். பிறகு அழுத்தினால்தான். இதைப் படிப்படியாக வடிவமைத்தல் என்பார்கள். ஒரு வினாடி தாமதித்துக் கொடுத்தால்கூட, அந்த வினாடியில் எலி வேறு எதைச் செய்ததோ அதைக் கற்றுக்கொண்டுவிடும். என் எலி முதல் நாள் கம்பியை விட்டுவிட்டுத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. தவறு எலியுடையது அன்று. என் கை மெதுவாக இருந்தது.

இப்படிச் செயலை அடிக்கடி நிகழச் செய்யும் பின்விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். இதில் இரண்டு வகை. விரும்பியது கிடைப்பதால் செயல் வலுப்பெறுவது ஒன்று. வெறுப்பது விலகுவதால் வலுப்பெறுவது மற்றொன்று. பரீட்சையில் பாதி மாணவர்கள் தவறு செய்வது இந்த இரண்டாம் வகையில்தான், அதைத் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மளிகைக் கடையில் பிள்ளை மிட்டாய்க்கு அழுகிறான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அம்மா வாங்கிக் கொடுக்கிறார். அழுதால் மிட்டாய் என்று பிள்ளை கற்றான். அதே நொடியில் அம்மாவும் ஒன்றைக் கற்றார்: மிட்டாய் கொடுத்தால் அழுகை நின்று நிம்மதி கிடைக்கும். பிள்ளை அம்மாவைப் பழக்குகிறான், அம்மா பிள்ளையைப் பழக்குகிறார். இருவருக்கும் இது தெரியாது.

வீட்டில் தொங்கும் ரோத்தானுக்கும் இதே கணக்குத்தான். அடித்தவுடன் சத்தம் நின்றுவிடுகிறது. அந்த அமைதி அடித்தவருக்குக் கிடைத்த பரிசு. ஆகவே அடுத்த முறை அவர் கை இன்னும் விரைவாக ரோத்தானைத் தேடும். பிள்ளை என்ன கற்றான் என்று பார்த்தால், பெரும்பாலும் அப்பா வீட்டில் இல்லாத நேரம் எது என்பதைத்தான்.

எப்போதாவது ஒரு முறை, எந்த முறை என்று தெரியாமல் பரிசு வந்தால், அந்தப் பழக்கம் எல்லாவற்றையும்விட உறுதியாக நிலைத்துவிடும் என்பதும் ஸ்கின்னர் காட்டியது. இதற்கு நான் அமெரிக்க எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நம்பர் எடுக்கிறவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், என் சித்தப்பாவும் அதில் ஒருவர்.

தண்ணீரை நிறுத்திவிட்டால் எலி என்ன செய்யும்? உடனே விட்டுவிடும் என்றுதான் நான் நினைத்தேன். விடவில்லை. முன்னைவிட வேகமாக, வெறியோடு கம்பியை அழுத்தியது, கடித்தது. அதற்குப் பிறகே மெல்ல ஓய்ந்தது. பலன் நின்றதும் முதலில் பொங்கி எழுந்து, பிறகுதான் அடங்கும். இந்தப் பொங்குதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பின்னால் ஒரு பெரிய அவமானத்தைத் தந்தது.

அந்த வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தம் சொந்தப் பழக்கம் ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டும் என்பது கட்டாயம். ஒருவர் நகம் கடிப்பதை எடுத்துக்கொண்டார், ஒருவர் சிகரெட்டை. நான் எடுத்துக்கொண்டது வகுப்பில் வாய் திறப்பது. முதலில் எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் எண்ண வேண்டும். அதை முன்நிலை அளவு என்பார்கள். என் கட்டத்தாளில் அந்த இரண்டு வாரமும் பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று ஒரே நேர்கோடு. ஒரு நாள் மட்டும் ஒன்று, அதுவும் ஜன்னலை மூடலாமா என்று கேட்டது.

பிறகு திட்டம் வகுத்தேன். முன்வரிசையில் அமர்வது. கேள்வியை முதல் நாளே அட்டையில் எழுதி வைத்துக்கொள்வது. பரிசு? வீட்டிலிருந்து வரும் கடிதம்தான். கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன். வகுப்பில் ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் பிரிப்பேன். அப்பாவின் கடிதம் ஒருமுறை மூன்று நாள் பைக்குள்ளேயே கிடந்தது. நான்காம் நாள் கையை உயர்த்தினேன். குரல் நடுங்கியது. பேராசிரியர் பதில் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன். தம்பிக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, மழையால் பால்வெட்டு இல்லை என்று எழுதியிருந்தார்.

ஆறு வாரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று கேள்விகள் என்று கோடு ஏறிவிட்டது. அதோடு முடியவில்லை. மாற்றத்துக்குக் காரணம் என் திட்டம்தான் என்று நிரூபிக்க வேண்டுமானால், திட்டத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும், பழைய நிலைக்குக் கோடு இறங்க வேண்டும், மறுபடி தொடங்கினால் ஏற வேண்டும். நிறுத்தினேன். கடிதம் வந்தவுடன் பிரித்தேன். ஆனால் கோடு இறங்கவில்லை. என் சோதனை தோற்றுவிட்டது என்று பேராசிரியரிடம் கலங்கி நின்றேன். அவர் கட்டத்தாளை வெகு நேரம் பார்த்துவிட்டு, "உன் கேள்விகளுக்கு இப்போது மற்ற மாணவர்கள் பதில் சொல்கிறார்கள், வகுப்பு முடிந்தும் உன்னோடு பேசிக்கொண்டே போகிறார்கள். இனி உனக்குக் கடிதம் தேவைப்படாது" என்றார். நாம் செயற்கையாகக் கொடுக்கும் பரிசு பிள்ளையை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போன பிறகு அந்தச் செயலின் இயல்பான பலனே அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எத்தனை நாளைக்குத்தான் சாக்லேட் கொடுப்பது" என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுவே.

இரண்டாம் ஆண்டில் இத்துறையின் மூல ஆய்வுகளைப் படித்தோம். கனடாவின் சஸ்காட்செவன் மாநில மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி நாளொன்றுக்குச் சராசரி 16 முறை தாதியர் அறைக்குள் நுழைந்து தொல்லை தருவார். தாதியர் அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கவனிப்புக்காகத்தான் அவர் வருகிறார் என்று கண்டு, யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்தார்கள் அய்லானும் மைக்கேலும். சில வாரங்களில் அது இரண்டாகக் குறைந்தது. 1959-இல் வெளியான ஆய்வு அது.

என் நெஞ்சைத் தொட்டது 1964-இல் வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் மூவரும் எழுதிய கட்டுரை. மூன்றரை வயதுச் சிறுவன், ஆட்டிசம் உள்ளவன். கண்புரைக்காக அறுவை செய்து விழிவில்லைகளை நீக்கியிருந்தார்கள். கண்ணாடி அணியாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ கண்ணாடியை முகத்தருகே விட மாட்டான், தலையை மோதிக்கொள்வான், எறிவான். பெற்றோரும் மருத்துவர்களும் தோற்றுப்போனார்கள். ஆய்வாளர்கள் முதலில் கண்ணாடி இல்லாத வெறும் சட்டங்களை அறையில் போட்டார்கள். அதைத் தொட்டால் ஒரு வாய் தின்பண்டம். கையில் எடுத்தால் ஒன்று. முகத்தருகே கொண்டுபோனால் ஒன்று. என் எலிக்குச் செய்த அதே முறைதான், ஒவ்வொரு படியாக. இறுதியில் அவன் நாளுக்கு 12 மணி நேரம் கண்ணாடி அணியத் தொடங்கினான். அதை நூலகத்தில் படித்துவிட்டு அப்பாவுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதியிருந்தால் எலிக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் பரீட்சை வந்தது, அது அப்படியே போயிற்று.

1968-இல் இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கியது. அதன் முதல் இதழில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் இத்துறை எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதினார்கள். எடுத்துக்கொள்ளும் பிரச்சினை அந்த மனிதருக்கும் சமூகத்துக்கும் முக்கியமானதாக இருக்க வேண்டும், அளக்க வேண்டும், செய்ததை இன்னொருவர் அப்படியே செய்யும் அளவுக்குத் தெளிவாக எழுத வேண்டும், மாற்றம் வகுப்பறைக்கு வெளியேயும் நிலைக்க வேண்டும் என்பன அதில் சில. இன்றும் மாணவர்கள் அதைப் படிக்காமல் பட்டம் பெற முடியாது.

இப்போது என் அவமானத்தைச் சொல்ல வேண்டும். கடைசிப் பருவத்தில் களப்பயிற்சிக்காக ஓர் உண்டுறை விடுதிப் பள்ளிக்குச் சென்றேன். பேச்சு வராத ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை என்னிடம் ஒப்படைத்தார்கள். என் மனத்துக்குள் அவனைத் தம்பி என்றே அழைத்து வந்தேன். அவன் தன் தலையில் தானே கையால் அடித்துக்கொள்வான். அடித்தவுடன் யாராவது ஓடி வந்து கையைப் பிடித்து, தடவி, சமாதானம் செய்வார்கள். நான் இரண்டு நாள் கவனித்தேன், குறித்தேன், முடிவு கட்டினேன்: இது கவனத்தை ஈர்ப்பதற்கான நடத்தை. சஸ்காட்செவன் நோயாளியின் கதைதான். மெத்தைத் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு, யாரும் கண்டுகொள்ள வேண்டாம் என்று திட்டம் எழுதினேன். மேற்பார்வையாளர் வெளியூர் போயிருந்த வாரம் அது.

முதல் நாள் கோடு ஏறியது. இரண்டாம் நாள் இன்னும் ஏறியது. பள்ளியில் இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். நான் கவலைப்படவில்லை. பலன் நின்றால் முதலில் பொங்கும், பிறகு அடங்கும் என்று புத்தகத்தில் படித்ததை அவர்களுக்கு விளக்கினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்கு விளக்கினேன். மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். தம்பி அழுதான், அடித்துக்கொண்டான். நான் அவன் முன்னால் உட்கார்ந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், ஒவ்வோர் அடிக்கும் தாளில் ஒரு கோடு போட்டேன்.

ஐந்தாம் நாள் மாலை, சமையலறையில் வேலை செய்த வயதான அம்மாள் ஒருவர் தட்டுகளை எடுக்க வந்தார். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "அவன் இடப்பக்கம் மட்டுமே அடிக்கிறான், பார்த்தாயா? என் பிள்ளைக்குக் காது வலி வந்தபோது இப்படித்தான் செய்வான்" என்றார். நான் ஐந்து நாளாகத் தாளில் கோடு போட்டிருக்கிறேன், எந்தப் பக்கம் என்று எழுதவே இல்லை. அன்று இரவே மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். நடுச்செவியில் சீழ். மருந்து கொடுத்த சில நாட்களில் அடிப்பது பெருமளவு நின்றுவிட்டது.

மேற்பார்வையாளர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஐந்து நாள் கட்டத்தாளைப் பிரதி எடுத்து, என் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். இதோ, இதுதான் அந்தத் தாள். பின் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு, அவ்வளவுதான். இன்று இத்துறையில் பயில்பவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, உடம்பில் நோய் இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை நடத்தையைத் தொடாதே என்பதுதான். இவாட்டாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1982-இலேயே, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்பதை ஊகிக்காமல் வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்துச் சோதித்து அறியும் முறையை எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை எங்கள் நூலகத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன் என்பதுதான் வெட்கம்.

நான் செய்தது அறியாமை. இத்துறையில் அறிந்தே செய்யப்பட்டவையும் உண்டு. கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற பேராசிரியர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து, 19 பேரில் 9 பேர் சாதாரண முதல் வகுப்பை முடித்து, இயல்பான அறிவுத்திறன் அளவை எட்டினார்கள் என்று 1987-இல் வெளியிட்டார். ஒப்பீட்டுக்கு வைத்த 40 பிள்ளைகளில் ஒருவரே அப்படி எட்டினார். நான் அப்போது அங்கே இருந்தேன். எங்கள் துறையே விழாக்கோலம் பூண்டது. ஆனால் பிள்ளைகள் குலுக்கல் முறையில் குழுக்களுக்குப் பிரிக்கப்படவில்லை என்பதும், தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தது என்பதும் மெல்ல மெல்லத்தான் பேசப்பட்டது. அவரே 1960-களில் பிள்ளைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தும் ஆய்வு செய்தவர். அமெரிக்காவில் ஒரே ஒரு நிறுவனம் அத்தகைய மின்கருவியை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தது. 2020-இல் அரசு அதைத் தடை செய்தது, 2021-இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, 2022-இல் நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் உலகச் சங்கம் மின்னதிர்ச்சியை எதிர்த்துத் தீர்மானம் வெளியிட்டது, 2024-இல் அரசு மீண்டும் தடையை முன்மொழிந்தது. இவ்வளவு காலம் பிடித்ததே என்று எனக்கு ஆறாத வருத்தம்.

சிறு வயதில் இந்தப் பயிற்சியைப் பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் இப்போது தாங்களே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். கைகளை உதறுவதையும், ஆடிக்கொண்டே இருப்பதையும் நிறுத்தச் சொல்லிப் பழக்கினார்கள், கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தினார்கள், அதனால் எங்களுக்கு என்ன நன்மை, பார்ப்பவர்களுக்குத்தானே நிம்மதி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஊர் திரும்பிய முதல் சில ஆண்டுகளில் அத்தகைய பயிற்சிகளைக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடுப்பதில்லை. கையை உதறுவதால் யாருக்கும் தீங்கில்லை என்றால் உதறட்டும். சாலையில் ஓடுவது, தன்னைக் கடித்துக்கொள்வது, கழிவறைக்குப் போகத் தெரியாதது, பசித்தால் கேட்கத் தெரியாதது, இவற்றில்தான் நம் உழைப்பு இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு வாரம் 40 மணி நேரம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. விளையாடுவதற்கும் பாட்டி வீட்டுக்குப் போவதற்கும் அவனுக்கு நேரம் வேண்டாமா?

மாணவர்களுக்குச் சில விவரங்கள். இதை முழுநேரத் தொழிலாக மேற்கொள்ள முதுகலைப் பட்டம் தேவை. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய சான்றிதழ் வாரியம் பாடங்களோடு, மேற்பார்வையின்கீழ் 2000 மணி நேரக் களப்பணியையும் கேட்கிறது. செறிவான மேற்பார்வை என்றால் 1500 மணி நேரம். ஆனால் 2023 முதல் அந்த வாரியம் ஒரு சில நாடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. நம் நாட்டில் இருந்துகொண்டு அந்தச் சான்றிதழைப் பெறலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் வாரியத்துக்கே எழுதிக் கேளுங்கள். வேறு அனைத்துலகச் சான்றிதழ்கள் உள்ளன. அவற்றின் மதிப்பையும் வேலை கொடுப்பவர்களிடம் விசாரித்த பிறகே சேருங்கள். உளவியல், சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, தாதிமை ஆகிய எதைப் படித்தாலும் இதன் அடிப்படைப் பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்க முடியும். எலி ஆய்வுக்கூடங்கள் பல இடங்களில் மூடப்பட்டுவிட்டன, கணினியில் ஓடும் பொய் எலிதான் இப்போது. சுற்றிக்கொள்ளும் எலியை அது உங்களுக்குக் காட்டாது என்பது என் சின்ன வருத்தம்.

பெற்றோருக்கு ஒன்று. பயிற்சி மையத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது, "நாங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கூடாது என்றால் வேறு இடம் தேடுங்கள். "எங்கள் பிள்ளை உங்கள் மேல் பயப்படுகிறானா, உங்களைப் பார்த்து ஓடி வருகிறானா?" என்பதை நீங்களே கவனியுங்கள். எத்தனை மாதத்தில் குணமாகும் என்று உறுதி சொல்பவரை நம்பாதீர்கள்.

மணியடித்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தின் வலப்பக்க அறையில் ஒன்பதரை மணி வரை இருப்பேன். தனியே பேச விரும்பும் பெற்றோர் வரலாம். வரும்போது, பிள்ளை என்ன செய்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். "அடம்" என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். தாள் இல்லாதவர்களுக்கு வாசலில் இருக்கும் தொண்டர்கள் தருவார்கள். பென்சிலும் இருக்கிறது.